கட்டாமல் விட்ட தலை

எங்கள் ஊருக்கு வெளியே ஓர் அசுரன் செத்துக் கிடந்தான். விலா எலும்பு, முழங்கை, தொடை என்று அவன் உடம்பு செம்மண் மேடு முழுவதும் சிதறியிருந்தது. கையில் எடுக்கிற அளவு கல்லாக இருந்தால் அது விரல். ஆள் நீளத்துக்குக் கிடந்தால் தொடை. உருண்டையாக, மரத்தின் வரிவரியான நார் போலக் கோடு ஓடிய கல். தட்டினால் வெண்கலம் மாதிரி ஓசை வரும்.

திருவக்கரைக்கு நாலைந்து மைல் தள்ளி இருந்தது எங்கள் ஊர். அசுரனைக் கொன்ற காளி திருவக்கரையிலேயே கோயில் கொண்டுவிட்டாள். பௌர்ணமிக் கூட்டம், வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள், பொங்கல், படையல் எல்லாம் அவர்களுக்கு. எங்கள் பங்குக்குப் பிணம் கிடைத்தது. அதற்காக யாரும் சோர்ந்துபோய் உட்காரவில்லை. "அம்மன் அங்க இருந்தா இன்னா, தலை நம்மகிட்டதானே கீது" என்பார் சித்தப்பா, என்னவோ தாமே வெட்டி எடுத்து வந்த மாதிரி.

அவை எத்தனையோ யுகத்துக்கு முன் வெள்ளத்தில் அடித்து வந்து, மணலில் புதைந்து, கல்லாகிப்போன மரங்கள் என்று பிற்காலத்தில் ஒரு புத்தகத்தில் படித்தேன். படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். ஒன்பது வயதில் நம்மைத் தூங்கவிடாமல் அடித்தவன் வெறும் விறகு என்று தெரிந்தால் யாருக்குத்தான் மனசு கேட்கும்?

ஆடி முதல் வெள்ளியன்று அசுரனைக் கட்ட வேண்டும். பெரிய எலும்பு ஒவ்வொன்றையும் மஞ்சள் தோய்த்த நூலால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அதன் வழியாக உயிர் வந்து அவன் எழுந்துகொள்வான். கட்டுகிறவள் எங்கள் வீட்டுப் பெண்ணாகவும் வயதுக்கு வராதவளாகவும் இருக்க வேண்டும். நான்கு வருஷமாக அக்கா கட்டினாள். அந்த வருஷம் அவள் பெரியவளாகி உள்ளே உட்கார்ந்துவிட்டாள். பதவி எனக்கு வந்தது.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கேயோ இருந்த ஹிட்லரைப் பற்றிப் பெரியவர்கள் பயந்துகொண்டிருந்தார்கள். எனக்கு இருந்த வேலையில் ஹிட்லருக்கு நேரமில்லை.

அத்தை கூட வந்தாள். மேட்டில் கிடந்த எலும்புகளை எல்லாம் ஒழுங்காகவே கட்டினேன். கடைசியாக மிஞ்சியது தலை. அது மேட்டில் இல்லை. ஓடையைத் தாண்டி, ஏரிக்கரையின் அடிவாரத்தில், பாதி மண்ணுக்குள் புதைந்து, அடியில் கை நுழைகிற சந்தோடு கிடந்தது. அதற்குப் பின்னால் சேரி. ஓடைக்கரை வந்ததும் அத்தை நின்றுவிட்டாள்.

"நீ போய்க் கட்டிக்கினு வா. நான் இங்கியே கீறேன்."

"நீ வரல?"

"நான் அந்தப் பக்கம் வரக் கூடாது. நீ கொழந்தை, உனக்கு ஒட்டாது."

எது ஒட்டாது என்று கேட்டேன். ஜல்தியாகப் போ என்றாள்.

போனேன். தலையின் மேல் ஒரு கிடா நின்றுகொண்டிருந்தது. கறுப்பு, வளைந்த கொம்பு, மஞ்சள் கண். அசை போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. அக்கா தலையைக் கட்டிய வருஷங்களில் அங்கே கிடா எதுவும் நின்றதாகச் சொன்னதில்லை. ஆகவே இது கிடா அல்ல, நேரம் பார்த்து எழுந்துவிட்ட அசுரன்தான் என்று முடிவு செய்தேன். எனக்கு அந்த வயதிலேயே தர்க்க புத்தி உண்டு. அது காலை ஒரு தட்டுத் தட்டியது. நான் நூலைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தேன். ஓடினேன் என்று எழுதலாம். ஆனால் அத்தை பார்த்துக்கொண்டிருந்ததால் நடந்தேன்.

"கட்டிட்டியா?"

"ம்."

அடுத்த நாள் போய்க் கட்டிவிடலாம் என்றிருந்தேன். அடுத்த நாளும் கிடா. அதற்கு அடுத்த நாள் எங்கள் வண்டிக்காரர் எதிரே வந்தார். திங்கட்கிழமை மழை. நூல் என் இடுப்பிலேயே இருந்தது. படுக்கும்போது அம்மாவுக்குத் தெரியாமல் பாய்க்கு அடியில் வைப்பேன், விடிந்ததும் திரும்பச் செருகுவேன். இரவில் தெரு நாய் குரைத்தால் அசுரன் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறான் என்று தோன்றும்.

புதன்கிழமை காலை நான் கேப்பைக் கூழுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா தெருவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"அண்ணே! தலைக்கு வெடிமருந்து வெக்கப் போறாங்களாம். சேரிக் கெழவன் கல்லு மேல ஏறி உக்காந்துக்கினு எறங்க மாட்டேன்றான்."

இந்த இடத்தில் கன்ட்ராக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ராணுவ லாரிகள் போக ஆரம்பித்து, ரோடு குண்டும் குழியுமாகிவிட்டது. கல் போட்டு இறுக்குகிற வேலையை விழுப்புரத்துக்காரர் ஒருவர் எடுத்திருந்தார். எங்கள் மேட்டுக் கல்லைப் பார்த்ததும் அவருக்கு நாக்கில் நீர் ஊறிவிட்டது. அப்பாதான் ஊருக்கு நாட்டாண்மை, கோயில் தர்மகர்த்தாவும் அவரே. சித்தப்பா நடுவில் இருந்து பேசி, ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. நூல் கட்டிய கல்லைத் தொடக் கூடாது, நூல் இல்லாத கல் ரோட்டுக்கு. அப்பா வாக்குக் கொடுத்தார். அப்பாவுக்கு வாக்கு என்பது அவருடைய மூக்கு மாதிரி. அவர் போகிற இடத்துக்கு அது ஓர் அங்குலம் முன்னால் போகும்.

நான் கூழைக் குடிக்கவில்லை. கூழ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஊரே ஓடையின் இந்தப் பக்கம் நின்றது. அந்தப் பக்கம் சேரி நின்றது. நடுவில், தலையைச் சுற்றி, கல்லுடைக்க வந்த வெளியூர் ஆட்கள் நாலைந்து பேர் கடப்பாரையும் சம்மட்டியுமாக நின்றார்கள். கல்லில் மூன்று இடத்தில் துளை போட்டிருந்தது. அந்தத் துளைகளின் மேல் சேரிப் பெரியவர் ஒருவர் குந்தியிருந்தார். எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டுகிறவர். அப்பாவைவிட இருபது வயதாவது மூத்தவர். அப்பா அவரை 'டா' போட்டுத்தான் பேசுவார். அவர் அப்பாவை 'ஆண்டே' என்பார். அதில் ஏதோ தலைகீழாக இருக்கிறது என்று எனக்கு அன்று தோன்றவில்லை. அசுரன் எழுந்துகொள்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தலைகீழ்.

அப்பா ஓடையைத் தாண்டினார். வழக்கமாகத் தாண்டாதவர். அதைப் பார்த்து எல்லாருடைய பேச்சும் நின்றது.

"இன்னாடா இது? எறங்கு."

"எறங்கறேன் ஆண்டே. நான் எறங்கினா மருந்து வெப்பாங்க. வெக்க மாட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எறங்கிடறேன்."

"ராட்சசன் தலை போனா உனக்கு இன்னாடா வந்துது?"

"உங்களுக்கு அது ராட்சசன் தலை ஆண்டே. எங்களுக்கு அது பாட்டன்." அவர் குரலை உயர்த்தவில்லை. "ஒரு மழைக்கு ஏரி ஒடைச்சிக்கினு போச்சாம். மடை காவல் பாத்துக்கினு இருந்த எங்க பாட்டன் ஒடப்புல குறுக்கால படுத்துக்கினாராம். விடியக்குள்ள தண்ணி நின்னுது. அவரு எழுந்திருக்கல. அவரை எடுத்தா கரை நிக்காது ஆண்டே. ஏரி உங்க நெலத்து மேலதான் வரும்."

அந்தக் கதையை நான் அன்றுதான் முதல் தடவை கேட்டேன். அப்பாவும் அன்றுதான் கேட்டார் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். இடையில் ஓர் ஓடை. அதில் முழங்கால் நனையக்கூடத் தண்ணீர் இருக்காது. எங்கள் கதையில் அம்மன் இருந்தாள், வதம் இருந்தது, ஏரி மட்டும் இல்லை. கரையின் அடி அந்தக் கல்லின் மேல்தான் உட்கார்ந்திருந்தது என்பதை மண் சுமந்து கரை கட்டியவர்கள் அறிந்திருந்தார்கள். அறிந்ததை அவர்கள் பாட்டனாக்கி வைத்திருந்தார்கள்.

"வருசத்துக்கு ஒரு நாளு உங்க தெருவுலேருந்து அவருக்குக் காப்பு வரும். அது போதும் எங்களுக்கு" என்றார் பெரியவர்.

கன்ட்ராக்டர் குடையை மடக்கினார். "கதை கேக்கறதுக்கா நான் விழுப்புரத்துலேருந்து வந்தேன்? பேஜாரு பண்ணாதீங்க. பட்டாளத்து லாரி வந்துக்கினே இருக்குது, ஓவர்சியர் என் உயிரை எடுக்கறாரு. நூல் கட்டினதைத் தொடாதேன்னீங்க. தொட்டனா? இதுல நூல் எங்க? யாருனா காட்டுங்க, நான் மூட்டை கட்டிக்கினு போயிடறேன்."

அப்பா கல்லைச் சுற்றி வந்து பார்த்தார். நூல் இல்லை. அவர் முகம் இறுகியது. நூல் இல்லாத கல் ரோட்டுக்கு என்பது அவர் கொடுத்த வாக்கு. கல்லின் மேலிருந்தவர் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சேரிப் பக்கம் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க அவ?" என்றார் அப்பா.

அத்தை என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். ஓடையைத் தாண்டியபோது இடுப்பைத் தடவினேன். நூல் இருந்தது. மழையிலும் வியர்வையிலும் நனைந்து நனைந்து, என் வெள்ளைப் பாவாடையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் ஏறியிருந்தது. அதை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன்.

"வவுறு வலிக்குதா?" என்றார், அப்பாவின் பின்னால் வந்து நின்ற சித்தப்பா.

தலையாட்டினேன். பொய்யில்லை.

"வெள்ளிக்கெழமை இந்தக் கல்லுக்கு நூல் கட்டினியா?" என்று கேட்டார் அப்பா.

கட்டவில்லை என்றால் கல் போகும். அது எனக்கு உறைக்கவில்லை. அப்பாவின் கையும், அத்தை முன்னால் நான் சொன்ன 'ம்'மும், ஐந்து நாளாக அசுரன் அவிழ்ந்து கிடந்ததற்கு ஊர் என்னை என்ன செய்யும் என்பதும்தான் என் கண்ணில் தெரிந்தன. அந்தப் பெரியவருக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுதிவிட எனக்கு ஆசை. முப்பது வருஷமாக எழுதிப் பிழைக்கிறவளுக்கு அது ஒரு வரி வேலை. ஆனால் அன்று அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

"கட்டினேன்" என்றேன்.

"கல்லு மேல கையை வெச்சிச் சொல்லு."

இடது கையை எடுத்தேன்.

"சோத்துக் கை!"

இடது கையை மஞ்சளின் மேல் மாற்றி வைத்துக்கொண்டு வலது கையை நீட்டினேன். கல் வெயிலில் கொதித்தது. ஒரு துளையிலிருந்து கல்மாவு என் விரலில் ஒட்டியது. அசுரன் எந்த நேரத்திலும் கடிக்கலாம் என்று காத்திருந்தேன்.

"கட்டினேன்."

அசுரன் கடிக்கவில்லை. அதைவிட மோசமாக ஒன்று நடந்தது. எல்லாரும் என்னை நம்பினார்கள்.

"கொழந்தை கட்டியிருக்கு. இப்ப இல்ல. அப்ப நூலை அறுத்தது யாரு?" என்று அப்பா கன்ட்ராக்டரைப் பார்த்துக் கேட்டார். ஓடைக்கு இந்தப் பக்கம் நின்ற கூட்டம் ஓர் அடி முன்னால் வந்தது. அம்மன் நூலை அறுத்தவன் என்றால் அன்று அங்கே கை, கால் முழுசாகப் போயிருக்க முடியாது. கன்ட்ராக்டருக்கு அது விளங்கிவிட்டது. அவர் நின்ற இடத்திலிருந்தே கையை வீசி, துளை போட்ட பையன் ஒருவனின் பிடரியைப் பிடித்தார். பதினாறு வயது இருக்கும்.

"நீதானேடா அறுத்தே? மொதல்ல கல்லுகிட்ட வந்தது நீதானே?"

"இல்லீங்க சாமி. நாங்க வரக்குள்ளயே நூல் இல்லீங்க. எங்க அம்மா மேல சத்தியமா இல்லீங்க."

அறை விழுந்தது. சம்மட்டி கீழே விழுந்து கல்லில் பட்டு, அந்த வெண்கல ஓசை வந்தது. சித்தப்பா யாரிடமோ கயிறு கேட்டார். இடுப்பிலிருந்த நூலை இப்போது எடுத்துக் காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கை மஞ்சளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"அந்தப் புள்ளைய வுடுங்க ஆண்டே."

பெரியவர் கல்லிலிருந்து இறங்கியிருந்தார்.

"நூலை அவன் அறுக்கல. ஆடு தின்னுட்டுது. என் கெடாதான். மஞ்சா வாசனைக்கு வந்து இழுத்துத் தின்னதை என் கண்ணால பாத்தேன். சொல்றதுக்குப் பயந்துக்கினு இருந்துட்டேன்."

"தாத்தா, அது தின்னல..." என்று ஒரு பெண் குழந்தை குரல் கொடுத்தது. என் வயதுதான். கையில் அந்தக் கிடாவின் கயிறு.

"நீ சும்மா இரு ஆயா" என்றார் அவர், பேத்தியைப் பார்த்து.

என் இடுப்பை மறுபடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நூல் இருக்கிறது. ஆனால் ஆடு தின்றதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். எனக்குக் குழப்பமாகப் போயிற்று. கடைசியில், வயதானவருக்குக் கண் சரியில்லை, நான் சொன்னதை ரொம்பவும் நம்பியதால் பார்த்தது போல இருக்கிறது என்று தீர்மானித்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

அப்பா கிடாவைப் பார்த்தார். பிறகு, "அம்மன் நூலைத் தின்ன ஆடு அம்மனுக்கு" என்றார். கன்ட்ராக்டரிடம், "கல்லு எங்களோடது. நீ இங்கேருந்து கெளம்பு" என்றார். கன்ட்ராக்டர் பையனின் பிடரியை விட்டுவிட்டுக் குடையை விரித்தார்.

வெள்ளிக்கிழமை கிடாவை வெட்டினார்கள். பேத்தியின் காதுகுத்துக்கு வளர்த்த கிடா என்று பேச்சு வந்தது. நாட்டாண்மை வீட்டுப் பங்காக ஒரு தொடை எங்களுக்கு வந்தது. அம்மா மிளகு போட்டு வறுத்திருந்தாள். நான் இரண்டு தடவை வாங்கித் தின்றேன்.

அந்தக் கதை பிறகு என்னைக் கேட்காமலே வளர்ந்தது. அசுரனின் மூச்சு கிடாவாக உருவெடுத்துத் தன் கட்டைத் தானே தின்றதாம். அம்மன் அதன் வயிற்றைக் கிழித்து நூலை மீட்டாளாம். அடுத்த ஆடியிலிருந்து, நூல் கட்டும் முன் ஒரு கறுப்புக் கிடாவைத் தலையைச் சுற்றி ஓட்டி விரட்டுகிற வழக்கம் வந்துவிட்டது. இப்போதும் நடக்கிறது. நான் எழுதியவற்றில் எதுவும் ஆறு மாதத்துக்கு மேல் யாருக்கும் நினைவிருந்ததில்லை. இடுப்பைப் பொத்திக்கொண்டு சொன்ன ஒரு வார்த்தைக்கு மட்டும் வருஷந்தோறும் திருவிழா.

போன வருஷம் அக்காவோடு அந்தப் பக்கம் போயிருந்தபோது சும்மா கேட்டேன், "நாலு வருஷம் இந்தத் தலையை நீ எப்படித் தனியாகக் கட்டினே?"

"தனியா யாரு கட்டினா?" என்று சிரித்தாள் அக்கா. "இதைக் கட்ட ஒரு ஆள் கை எட்டுமாடி? நான் நூலை மேல போடுவேன். அந்தத் தாத்தா குளிச்சிட்டு வந்து அந்தப் பக்கம் உக்காந்துக்கினு இருப்பாரு. கல்லுக்குக் கீழ கையை வுட்டு முனையை வாங்கி இந்தப் பக்கம் தருவாரு. வூட்ல சொல்லக் கூடாதுன்னு ரெண்டு பேருக்கும் ஒப்பந்தம். உனக்கும் அப்படித்தானே செஞ்சாரு?"

அந்தப் புதன்கிழமை, எல்லாம் முடிந்த பிறகு, அப்பா வீட்டிலிருந்து புது நூல் வரவழைத்து என் கையில் கொடுத்தார். நான் கல்லின் மேல் நூலைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினேன். எட்டவில்லை. சுற்றி நின்றவர்கள் யாரும் அசையவில்லை. அப்பா ஏரிக்கரைப் பக்கம் திரும்பி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கல்லின் அந்தப் பக்கம் குந்தினார். கல்லுக்கும் மண்ணுக்கும் இடையில் இருந்த சின்னச் சந்து வழியாக ஒரு கை வந்தது. இரண்டு விரலில் நூல் முனை. துழாவவில்லை, தடுமாறவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் முடிச்சைப் போட்டுவிட்டு, குனிந்து, சந்து வழியாக அவரைப் பாராட்டினேன்.

"ஒரு வாட்டியிலயே நல்லாக் கத்துக்கினியே."

"ஆமாம் சின்னம்மா" என்றார் அவர்.